முதல் கியரில் ஒரு புத்தகம்

போன வாரம் நீங்கள் மூன்று பேரும் என்னை அலுவலகத்துக்கு வரவழைத்து, ஏசி அறையில் உட்கார வைத்து, ஏலக்காய் டீ கொடுத்து, ஒரு கேள்வி கேட்டீர்கள். “சார், ஒரு புத்தகம் மாசக்கணக்கா இழுக்கும்போது பாதியில சலிச்சுப்போகாம எப்படி எழுதுறது? ஒரு நாளைக்கு எம்புட்டு எழுதுவீங்க?” நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, “தினமும் ஆயிரம் வார்த்தை. மழையானாலும் வெயிலானாலும் ஆயிரம்” என்றேன். நீங்கள் அதை செல்போனில் குறித்துக்கொண்டீர்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள். அது பச்சைப் பொய். டீ நன்றாக இருந்ததால் வாயில் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் உங்களிடம் இருக்கிற மரியாதை போய்விடும். போகட்டும். ஓய்வுபெற்றவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

நம் தொழில் உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் வாழ்க்கையை அவரே உட்கார்ந்து எழுதியது போல எழுதிக் கொடுக்கிறோம். மில் வைத்துப் பெரிய ஆளானவர், பட்டாளத்திலிருந்து சேத்தூருக்குத் திரும்பிய சுபேதார், பேரன் பேத்திகளுக்குத் தன் கதையை விட்டுப்போக நினைக்கும் டாக்டர், இப்படி யாராவது வருவார்கள். புத்தகம் வெளிவரும். அட்டையில் அவர் பெயர் இருக்கும். நம் பெயர் நன்றியுரையில், அச்சகத்துக்காரருக்கும் பந்தல்காரருக்கும் நடுவில் இருக்கும். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தவர், பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். “எழுதுறவனுக்கு மூட் வரணும்லே. அது வராம எழுதுனா கழிவுப் பஞ்சுதான் வரும்.” மில் ஊர்க்காரனுக்கு இதைவிட விளக்கமாக யார் சொல்ல முடியும்? நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூட் வருவதற்காக வடக்குப் பார்த்து மேசை போட்டேன். வராததால் கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். சுழல் நாற்காலி வாங்கினேன். அதில் நன்றாகச் சுழல முடிந்தது. விடியுமுன் எழுந்தால் எழுத்து பிய்த்துக்கொண்டு வரும் என்று யாரோ சொன்னார்கள் என்று அலாரம் வைத்து எழுந்தேன். பல் தேய்த்து, காபி போட்டு, குழாயில் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் அதையும் பிடித்து வைத்தேன். வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. எழுத்து மட்டும் வரவில்லை. கடைசியில் வாடிக்கையாளர் கதவைத் தட்டி, தொண்டையைக் கனைத்து, “என்ன சார்?” என்று கேட்கிற அன்றைக்கு மூட் வரும். அது மூட் இல்லை, பயம். அந்தப் பயத்தில் வெறிபிடித்தவன் போல எழுதித் தள்ளி, காய்ச்சலில் படுத்து, எழுந்து, அடுத்த புத்தகத்துக்கு மறுபடியும் மேசையைத் திருப்புவேன். இதற்கு நான் வைத்திருந்த பெயர் ‘படைப்பு மனநிலை’.

இப்படி இருக்கும்போதுதான் மைக் குருசாமி அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குரல் தெரியாத ஆள் கிடையாது. ஆட்டோவின் மண்டையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். உள்ளே உட்கார்ந்து மைக்கைப் பிடித்து, “பெருமக்களே” என்று அவர் ஆரம்பித்தால் மாடியில் துணி காயப்போடுகிறவர்கள்கூட எட்டிப்பார்ப்பார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், குடிதண்ணீர் வராத நாள், யார் வீட்டுச் சாவு, எல்லாமே அந்தக் குரலில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆட்டோவை ஓட்டுவது அவர் மனைவி சண்முகத்தாய். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, முதல் கியரிலேயே ஊரைச் சுற்றிவரும் பெண்மணி. நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் என்னை ‘எழுத்தாளரே’ என்பார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நக்கல் என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“என் கதையைப் புஸ்தகமாப் போடணும் தம்பி” என்றார் அண்ணாச்சி. “போட்டு முடிச்சதும் நானே ஊரெல்லாம் சுத்தி மைக்ல சொல்லணும். ஊருக்காக எம்புட்டோ கத்திட்டேன். எனக்காக ஒரு நாள் கத்திக்கிடுதேன்.”

“அதுக்கென்ன அண்ணாச்சி, ‘விரைவில் வருகிறது’ன்னு இப்பவே ஒரு ரவுண்டு சொல்லிருங்களேன்” என்றேன். தூண்டிவிடுவதில் நான் கெட்டிக்காரன்.

அவர் முகம் மாறிவிட்டது. “கண்ணால பாக்காத சரக்குக்கு நான் மைக் புடிக்கமாட்டேன்.”

அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சர்க்கஸ்காரன் பேச்சை நம்பி, “கர்ஜிக்கும் சிங்கம்” என்று தெருத்தெருவாகக் கத்தியிருக்கிறார். கூடாரத்துக்குள் வந்தது ஒரு கிழட்டுக் கரடி. அதுவும் உட்கார்ந்தபடி வந்ததாம். மறுநாள் அவர் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை. பார்த்தவனெல்லாம் கர்ஜித்திருக்கிறான். அன்றிலிருந்து தள்ளுபடி என்றால் கடைக்குள் போய்ச் சேலையைத் தொட்டுப் பார்ப்பார். சாவு என்றால் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

வாரக்கணக்கில் உட்கார்ந்து அவர் பேசப் பேச என் செல்போனில் பதிவு செய்துகொண்டேன். தங்கமான கதை. எழுதினால் தன்னாலே ஓடும். ஓடியிருக்கும், நான் எழுத உட்கார்ந்திருந்தால்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் சாயங்காலம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடைக்குப் போய், அந்தக் கதையைச் சொன்னேன். சிங்கம் கரடியான கதையை நான் சொன்னபோது ஒருத்தருக்குப் புரையேறி டீ மூக்கில் வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் சாவு வீட்டுக் கதை. அதற்கு மறுநாள் கட்சி மாறின கதை. “சார் எழுதுற புத்தகத்துல வருது” என்று கடைக்காரர் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார். என்னைவிட நன்றாகவும் சொன்னார். கரடிக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது என்று ஒரு விவரம் சேர்த்திருந்தார். எனக்கே அது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தால், சாப்பிட்டுக் கை கழுவின மாதிரி இருக்கும். சொல்லி முடித்த கதையை யாருக்காக இனி எழுதுவது? கைதட்டும் வாங்கியாகிவிட்டதே. இப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் போயின. பக்கம் ஒன்றுகூடத் தேறவில்லை.

தம்பிகளா, தங்கச்சி, எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றி டீக்கடையில் வாயைத் திறக்காதீர்கள். இது ஒன்றை நான் முழு யோக்கியதையோடு சொல்லலாம்.

மாசி மாதம் மதினி தனியாக வந்தார். வன்னியம்பட்டிப் பெண்களை மில்லில் இறக்கிவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். மைக் வேலை நின்றுபோனதால் அந்த ட்ரிப்பைப் பிடித்திருக்கிறார். ஏன் நின்றது என்று கேட்டேன்.

“அவியளுக்குத் தொண்டையில கட்டி. மதுரையில பாத்தோம். மருந்து ஏத்திச் சுருக்குவாங்களாம், பொறவு வைகாசி பாதியில ஆப்ரேசன். குரல்வளையவே எடுக்கணும்ங்காங்க.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எடுத்தா?”

“எடுத்தா பேச்சு கெடையாது” என்றார். “ஆளு இருப்பாவ. குரல் இருக்காது.” வாசலில் நின்ற ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். அதன் தலையில் ஸ்பீக்கர்கள் அப்படியேதான் இருந்தன. “புஸ்தகம் எம்புட்டு ஆச்சு?”

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது போல எதையோ முனகினேன். என்னிடம் அட்டைக்கு ஒரு தலைப்பு இருந்தது. தலைப்புக்குக் கீழே ஒரு கோடு இருந்தது.

நீங்கள் கேட்பீர்கள், அறிவிப்பை முன்கூட்டியே செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கலாமே, இப்போது எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள் என்று. நானும் கேட்டேன். மதினி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “இல்லாத புஸ்தகத்தை இருக்குன்னு சொல்லச் சொல்லுதியளா அவியள? கடைசிக் கடைசியா, மறுபடியும் கரடியா?”

அடுத்து அவர் சொன்னதுதான் என் நித்திரையைக் கெடுத்தது. தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது, அவசியமென்றால் ஒரு நாளைக்குச் செத்த நேரம் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தச் செத்த நேரத்தை அண்ணாச்சி யாருக்கும் கொடுக்கவில்லையாம். பார்க்க வருகிறவர்களிடம் தலையை மட்டும் ஆட்டுகிறாராம். அன்றன்றைக்கு எழுதும் பக்கத்தைக் கொண்டுவந்தால், அதைச் சத்தம் போட்டுப் படித்துப் பார்க்கத்தான் அந்தப் பேச்சாம்.

“தினம் காலையில ட்ரிப்பு முடிஞ்சதும் வாரேன். ஒரு பக்கம் குடுங்க, போயிருதேன்” என்றார்.

மறுநாள் வாசலில் ஹாரன் சத்தம். “ஏ எழுத்தாளரே, பக்கம் எங்க?”

“மூட் வரல மதினி.”

“எந்த பஸ்ல வருதுன்னு சொல்லுங்க, நான் போய் ஏத்திட்டு வாரேன்.”

இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டுக்காரர் தினசரிப் பத்திரிகையோடு வாசலுக்கே வந்துவிட்டார். முப்பது வருட அனுபவசாலி, தெருவே பார்க்க, பனியனோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். மூட் வந்ததா என்று கவனிக்கக்கூட நேரம் இருக்கவில்லை.

அந்த முதல் பக்கம் ஒரு கேவலம். “நீலவானம் நெற்றிப்பொட்டிட்டு நிற்கும் மலையன்னையின் மடியினிலே, கார்முகில் தாலாட்ட, கழனிகள் தலையாட்ட” என்று ஆரம்பித்து, பக்கத்தின் பாதி வரைக்கும் ஒரே வாக்கியம். அவசரத்தில் எழுதினாலும் அலங்காரத்தில் குறை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு மதினி போன் செய்து, அதை அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் படிக்க ஆரம்பித்தார். மலையன்னையைத் தாண்டினார். கார்முகிலில் குரல் கம்மியது. கழனிகளில் இருமல் வந்தது. இருமல் நிற்கவே இல்லை.

மதினி போனை எடுத்தார். “எழுத்தாளரே, முற்றுப்புள்ளின்னு ஒண்ணு வச்சிருக்கியளா, இல்ல அது அடுத்த ஊர்லதான் வருமா? அவியளுக்கு மூச்சு வாங்குது.”

அன்றைக்கு எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதரிடம் இருந்ததே ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேச்சு. அதை நான் மேகத்துக்கும் வயலுக்கும் செலவழிக்க வைத்திருக்கிறேன். மறுநாள் எழுதினேன்: “நான் பிறந்தது வ. புதுப்பட்டியில். பிறந்தவுடன் நான் அழுத சத்தத்தில், பக்கத்து வீட்டுக்காரர் திருடன் வந்துவிட்டான் என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்ததாக அம்மா சொல்வாள்.” மூச்சு எங்கே முடியுமோ அங்கே வாக்கியத்தை முடித்தேன். சாயங்காலம் போனில் அந்தக் குரல் கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவரிடம் வந்து நின்றது. பிறகு சிரித்தது. கரகரத்த, காற்றுப்போன சிரிப்பு. ஆனால் சிரிப்பு.

நான் எழுதினதை அன்றைக்கே ஒருத்தர் வாய்விட்டுப் படித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனையோ புத்தகம் எழுதியிருக்கிறேன். விழா மேடையில் பொன்னாடையில் சுற்றிக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைப்பார்கள். யார் படித்தார்கள், எங்கே சிரித்தார்கள், எனக்குத் தெரியாது. இங்கே காலையில் எழுதினது சாயங்காலம் ஒரு தொண்டைக்குள் போய்த் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அழுதேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த என் வீட்டம்மா, வெங்காயம் இங்கேதானே இருக்கிறது என்று என்னை எட்டிப்பார்த்தாள்.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் போனதும், ஒரு கல்யாணத்துக்குப் போகிற சாக்கில் பக்கம் எழுதாமல் விட்டேன். ஒரு நாள்தானே? மதினியும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வந்து, “நேத்து அவிய வாயே தெறக்கல. சேத்து வச்ச பேச்சு அப்படியே கெடந்துபோச்சு” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு மனிதர் நாள் முழுக்கப் பேச்சைச் சேர்த்துவைத்து, சாயங்காலம் அதைச் செலவழிக்க இடமில்லாமல் படுத்திருக்கிறார். நான் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்திருக்கிறேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் நேர் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். ஒரே உட்காரலில் நாலு பக்கம். கை கடுக்க எழுதி, அவ்வளவையும் மதினியிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சிக்கு ஆசை விடவில்லை. நாலையும் ஒரே மூச்சில் படித்திருக்கிறார். அதற்குப்பிறகு மூன்று நாளுக்குக் குரல் என்பதே இல்லை. மருந்து ஏற்றப் போன இடத்தில் டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார்.

மதினி வந்து வாசலில் நின்றபடியே பிடித்துக்கொண்டார். “ஒரு பக்கம்னா ஒரு பக்கம். நீங்க என்ன, எங்க வண்டிக்கு மொதல்ல வந்த டிரைவர் மாதிரியே இருக்கிய?”

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். ஆரம்பத்தில் ஆட்டோவுக்கு ஒரு டிரைவர் போட்டிருந்தார்களாம். அவன் பறப்பானாம். மேலத் தெருவுக்குத் ‘தள்ளுபடி’ என்று மட்டும் கேட்கும், கீழத் தெருவுக்குக் கடைப் பெயர் மட்டும் கேட்கும். அவனை நிறுத்திவிட்டு இன்னொருத்தனைப் போட்டால், அவன் டீக்கடைக்கு டீக்கடை நிறுத்துவானாம். ஒரே கடைவாசலில் அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். “கடைசில நானே பழகுனேன். ஊரே சிரிச்சுச்சு. வாசல்ல நிக்கவளுக்கு முழுச்சேதியும் கேக்கணும், அடுத்த வாசல்காரிக்கும் கேக்கணும். நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. அம்புட்டுதான் வித்தை. இத்தனை வருசத்துல அவிய பேசும்போது நடுத்தெருவுல நான் வண்டிய நிப்பாட்டுனதே இல்ல.”

நான் அந்த இரண்டு டிரைவரையும் ஒரே சட்டைக்குள் போட்டு வைத்த ஆள். பறக்கவும் செய்வேன், டீக்கடையில் நிற்கவும் செய்வேன். அன்றிலிருந்து ஒரு பக்கம். நன்றாக ஓடினாலும் ஒரு பக்கம் முடிந்ததும் பேனாவை மூடிவிடுவேன். மனசில்லாமல்தான் மூடுவேன். ஆனால் அந்த மனசில்லாமைதான் மறுநாள் காலையில் ஹாரன் கேட்கும் முன்னாலேயே என்னை மேசையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. மேசை எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று இப்போது எனக்கு ஞாபகமே இல்லை.

மதினி வண்டி பழகிய கதையையும் ஒரு அத்தியாயமாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். சரியான இடம் வரட்டும் என்று ஒதுக்கி வைத்தேன். சரக்கு நிறைய இருந்தது. வைகாசி பாதிவரை நாளும் இருந்தது.

சித்திரையில் மதுரையிலிருந்து போன் வந்தது. கட்டி எதிர்பார்த்தபடி சுருங்கவில்லை, தள்ளிப்போட வேண்டாம், அடுத்த வாரமே வந்து சேருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எழுத வேண்டியதோ பாதிக்கு மேல் பாக்கி.

“ஒரு நாளைக்கு மூணு பக்கம்னு வச்சுக்கிடுவோம் மதினி” என்றேன்.

“அவிய தொண்டை மூணு பக்கம் தாங்குமா?”

தாங்காது. படிக்காமல் சும்மா எழுதி முடித்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அண்ணாச்சி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். தான் வாய்விட்டுப் படிக்காத ஒரு வரியும் தன் புத்தகத்தில் இருக்கக் கூடாது என்று எழுதிக் காட்டினார். அவருக்கு அதுதான் சரக்கைத் தொட்டுப் பார்ப்பது. ஆக, நாளையும் கூட்ட முடியாது, பக்கத்தையும் கூட்ட முடியாது. புத்தகம்தான் குறைய வேண்டும்.

அவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதப் பாக்கியிருந்த அத்தியாயங்களின் பட்டியலை வாசித்தேன்.  எதை எடுக்க? முன்னோர் வரலாறு, போகட்டும், அது என் அலங்காரத்துக்காக வைத்தது. கட்சி மாறின கதை, சிரிப்புதான், போகட்டும். தேரோட்டத்தன்று தொலைந்துபோன பிள்ளையை மைக்கிலேயே தேடிக் கண்டுபிடித்த கதை, அதை எடுக்க முடியாது. “மதினி வண்டி பழகுனது” என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

“அது கெடக்கு, தூக்குங்க” என்றார் மதினி. அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “புள்ள கெடச்ச கதைய எழுதுங்க. அதான் ஊருக்கு ஞாபகம் இருக்கு.”

அண்ணாச்சி என்னவோ சொல்ல வாயெடுத்தார். “பேசாதிய, சாயங்காலத்துக்கு வேணும்” என்று மதினி அடக்கிவிட்டார். நானும் தூக்கிவிட்டேன். தொழில் தெரிந்தவன் அல்லவா? தேவையில்லாததை வெட்டத் தெரிந்தவன்தான் எழுத்தாளன் என்று அதற்கு ஒரு தத்துவமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிள்ளை கிடைத்த கதை முடிந்தபோது ஒரே ஒரு நாள் பாக்கி. மறுநாள் விடிந்தால் மதுரை. ஒரு பக்கத்துக்கான பேச்சுதான் இருந்தது. அதில் கடைசிப் பக்கத்தைப் படிப்பாரா, ஊரில் அறிவிப்பாரா? இரண்டையும் செய்ய முடியாது. எனக்கு அன்று காலை எழுதவே வரவில்லை. வாழ்வின் பொருள், காலத்தின் நதி, அது இது என்று நாலு ஆரம்பம் எழுதிக் கிழித்தேன். வாசலில் ஹாரன் அடித்தது. பயத்தில்தான் தோன்றியது: கடைசிப் பக்கமே அறிவிப்பாக இருந்தால் என்ன? அவர் படித்தால் அதுவே அறிவித்ததாகிவிடும். எழுதி நீட்டினேன். மதினி வண்டியில் உட்கார்ந்தபடியே படித்தார். “ஏறுங்க. நீங்களும் வாங்க” என்றார்.

இதற்கு மேல் போகுமுன் ஒன்று. அண்ணாச்சி இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புத்தகம் சட்டைப் பையில் அடங்கும் அளவில் வந்து, இரண்டாவது தடவையும் அச்சுக்குப் போனது. போன மாதம் பார்த்தபோது, என் தொந்தியைச் சுட்டி, தாளில் எழுதித் திட்டினார். அதனால் நீங்கள் பயப்படாமல் கேட்கலாம்.

அன்று வெயில் தாழ்ந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் வண்டி கிளம்பியது. பின்சீட்டில் அண்ணாச்சி, பக்கத்தில் நான். எழுதின தாள் முழுவதையும் ரப்பர் பேண்ட் போட்டு அவர் மடியில் வைத்திருந்தேன். அவர் அதை ஒருமுறை புரட்டி, எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்து, “சரக்கு இருக்கு” என்று முணுமுணுத்தார். மதினி முதல் கியரைப் போட்டார். அண்ணாச்சி மைக்கை எடுத்தார்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் வாழ் பெருமக்களே. உங்கள் கடைத் திறப்புக்கும், உங்கள் வீட்டுச் சாவுக்கும், காணாமல் போன உங்கள் பிள்ளைக்கும் குரல் கொடுத்த குருசாமி பேசுகிறேன். என் கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். அது புத்தகமாக என் மடியில் இருக்கிறது. இது அதன் கடைசிப் பக்கம். நாளை முதல் என் குரல் இருக்காது. இத்தனை நாள் கேட்டீர்கள். இனிமேல் படித்துக்கொள்ளுங்கள்.”

பால்கோவாக் கடைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். குரல் உடைந்து உடைந்துதான் வந்தது, ஆனால் ஒரு வாக்கியமும் நடுவில் அறுந்துபோகவில்லை. எல்லாம் மூச்சுக்குள் முடிந்தன.  உண்மையைச் சொல்கிறேன், பக்கம் முடிந்தும் அவர் மைக்கைக் கீழே வைக்காததைப் பார்த்து, நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதியவர் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். ஊரே பார்க்கிறதே?

அண்ணாச்சி தாளைத் தாழ்த்திக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

“வண்டி ஓட்டுவது என் மனைவி சண்முகத்தாய்.”

வண்டி நின்றுவிட்டது. நடுத்தெருவில், பால்கோவாக் கடைகளுக்கு முன்னால். பின்னால் ராஜபாளையம் பஸ்காரன் வந்து முட்டுகிற மாதிரி நின்று ஹாரனை அமுக்கினான். அத்தனை பக்கம் எழுதினேனே, அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவில்லை. தினமும் என் வாசலில் வந்து நின்று அந்தப் புத்தகத்தை ஓட்டிக்கொண்டு போனவர் யார் என்று, கண்ணெதிரே பார்த்தும் எழுதாமல் விட்டவன் நான்.

“மதினி, பஸ்காரன் ஹாரன் அடிக்கான்” என்றேன்.

“அடிக்கட்டும்” என்றார். காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்று இரண்டு மாதமாக என்னை விரட்டிய அந்தப் பெண்மணி, பின்னால் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

“இன்னொருக்க சொல்லுங்க.”

அண்ணாச்சி இன்னொரு தடவை சொன்னார்.